வண்டி நகராத ராத்திரி

டன்ஸ்டன் ரோட்டில் ராத்திரி பன்னிரண்டரைக்கு மேல் எதையாவது சாப்பிட வேண்டுமென்றால், ஒரு ரெண்டு வருஷ காலம், முதலில் அமலோற்பவத்தைத் தேட வேண்டும், கடையைத் தேடக் கூடாது. அந்த நேரத்தில் அங்கே கடை என்று ஒன்றும் இருக்காது, பதினோரு மணிக்கே போலீஸ் ஜீப் வந்து ஷட்டரை இறக்கச் சொல்லிவிடும், போனில் தட்டினால் சாப்பாடு கொண்டுவருகிற கம்பெனிகளும் கையை விரித்துவிடும், ஆனால் பெட்ரோல் பங்குக்கும் ரயில்வே பாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஒன்பது பாரும் மூன்று டான்ஸ் ஹாலும் மூடி, குடித்தவர்களும் குடிக்க ஊற்றிக் கொடுத்தவர்களும் ஒரே கும்பலாக ரோட்டுக்கு வந்து வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்கிற நேரம் சரியாக அதுதான். அப்போது அமலோற்பவம் எங்கே நிற்கிறாளோ அங்கே தணிகாசலத்தின் தள்ளுவண்டி வந்து நிற்கும். அவளைத் தேடி வரும் என்று சொன்னால் தப்பு. அவள் பசியைத் தேடி வரும்.

அந்த வண்டி அப்படித்தான். பங்கிலிருந்து பாலம் வரைக்கும் அந்த நிமிஷம் யாருக்கு எல்லாரையும்விட அதிகமாகப் பசிக்கிறதோ, அவர் காலுக்கு முன்னால் போய் அது நிற்கும், நின்றால் பிறகு யானை கட்டி இழுத்தாலும் அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை நகராது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இதைவிடப் பசித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்களே, அங்கே ஏன் போவதில்லை என்று கேட்டால், அது டன்ஸ்டன் ரோட்டு வண்டி, அதன் எல்லை அவ்வளவுதான், ஊருக்கே சோறு போட ஒரு வண்டியால் முடியாது. ஏன் அப்படி ஆனது, எந்தச் சாமி, எந்தச் சாபம் என்று யாரும் விசாரித்ததில்லை. பசிக்கிறவனுக்கு விசாரிக்க நேரம் ஏது? தணிகாசலத்தைக் கேட்டால் அவர் எரிந்து விழுவார். "நான் எங்கப்பா தள்றேன், அதுதான் என்னை இழுத்துகினு போகுது. நான் சும்மா கைப்புடிய புடிச்சிகினு பின்னாடி ஓடுறேன். வடகறி கொட்டாம இருந்தா போதும்."

முதல் சில வருஷங்கள் வண்டி தினம் ஒரு ஆளிடம் போனது. ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த வெயிட்டரிடம், மறுநாள் நாலு மணி நேரம் டிரம்ஸ் அடித்துவிட்டு வந்தவனிடம், ஒரு நாள் பிறந்தநாள் பார்ட்டியில் கேக்கை மட்டும் நக்கிவிட்டு டயட் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பணக்காரப் பெண்ணின் காருக்கு முன்னால் போய் நின்று அவள் கதவைத் திறந்து இறங்குகிறவரை வழிவிடவில்லை, அவள் அழுதுகொண்டே ஏழு கல்தோசை சாப்பிட்டாள். ஒருமுறை நேரங்கெட்ட நேரத்தில் கடை போட்டதற்காக வண்டியை ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போக ஆட்கள் வந்தார்கள், தூக்கவே வேண்டியிருக்கவில்லை, அது அவர்களுக்கு முன்னாலேயே கிளம்பிப் போய் அதே ரோட்டில் இருக்கிற ஸ்டேஷன் வாசலில் பாரா நின்றுகொண்டிருந்த ஏட்டு குப்புராஜின் பூட்சை இடித்து நின்றது, அந்த மனுஷன் காலையிலிருந்து பந்தோபஸ்து பார்த்துவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். ஒன்பது இட்லிக்குப் பிறகு கையைக் கழுவிவிட்டு அவர் சொன்னது இன்றைக்கும் அந்த ரோட்டில் சட்டம். "கடைன்னா ஒரு எடத்துல நிக்கணும். இது எங்கய்யா நிக்குது? இது கடையில சேராது."

அதற்கப்புறம்தான் அமலோற்பவம் வந்தாள்.

ராயபுரத்துக்காரி, முப்பத்தாறு வயசு, ஆறடிக்கு ஒரு விரற்கடை கம்மி, பளு தூக்குகிறதில் மாநில அளவில் இரண்டாவதாக வந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைக்கும் கிடைக்கும் என்று எட்டு வருஷம் காத்திருந்து, கடைசியில் 'லாஸ்ட் ட்ராம்' என்கிற பாரின் வாசலில் கறுப்புச் சட்டை போட்ட பவுன்சராக வந்து நின்றவள். சாயங்காலம் ஏழு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒரு மணி வரைக்கும் நிற்பாள், தகராறு செய்கிறவனை அடிக்க மாட்டாள், சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்து "வூட்டுக்குப் போ தம்பி, அம்மா தேடும்" என்று சொல்லி அனுப்புவாள். அஞ்சு மணிக்கு ஸ்டாஃப் சாப்பாடு என்று பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து ரெண்டு கரண்டி சாம்பார் சாதம் போடுவார்கள், மற்றவர்களுக்கே அது பத்தாது, அவளுக்கு அது தொண்டையைத் தாண்டுவதற்குள் காணாமல் போகும்.

அவள் வந்த முதல் ராத்திரி வண்டி பங்குப் பக்கத்திலிருந்து ஓடியே வந்தது. தணிகாசலம் பின்னால் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். வண்டி அவள் முன்னால் வந்து நின்றபோது கல்லில் போடாத தோசைக்கே வாசனை அடித்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள், அது பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அவள் சாப்பிட்டது பொய் இல்லை. பதினாறு இட்லி, ஆறு கல்தோசை, நாலு ஆஃப்பாயில், ஒரு அண்டா அடியில் இருந்த வடகறி முழுசும். அவள் அவசரப்பட்டுச் சாப்பிடவில்லை, சிந்தவில்லை, போனைப் பார்க்கவில்லை, தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாயையும் இது இன்னது என்று தெரிந்து மென்று, நடுவில் ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி தொடங்கி, வெளிச்சம் போட்டு விற்கிற எத்தனையோ சந்தோஷங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அந்த ரோடே அவளைச் சுற்றி நின்று, ஒரு மனுஷி சாப்பிடுவதை, கோயிலில் திரை விலகினால் பார்க்கிற மாதிரி பார்த்தது. தட்டில் ஒன்றுமில்லாமல் போனபிறகு அவள் நிமிர்ந்து, "வேற இருக்கா மாஸ்டர்?" என்றாள்.

தணிகாசலம் வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு சின்ன ஸ்டீல் டப்பாவை எடுத்தார். அதில் நாலு இட்லி, மேலே கொஞ்சம் மிளகாய்ப் பொடி. "இது மிச்சம்," என்றார். "துன்னு."

அதிலிருந்து ரெண்டு வருஷம், தினமும் கடைசியில் அந்த டப்பா வெளியே வந்தது. தினமும் அவர் "இது மிச்சம்" என்றார்.

இனி வண்டி வேறு யாரிடமும் போகாது என்று தெருவுக்குப் புரிய ஒரு வாரம்தான் ஆனது. தெரு அதைத் தனக்குத் தகுந்தமாதிரி மடித்து வைத்துக்கொண்டது, ஏனென்றால் இதில் பெரிய சௌகரியம் இருந்தது. முன்னே வண்டி எங்கே நிற்கும் என்று தெரியாமல் சந்து சந்தாக அலைய வேண்டும், இப்போது லாஸ்ட் ட்ராம் வாசலுக்கு வந்தால் போதும், அவள் சாப்பிடுகிற நேரத்தில் மற்றவர்களும் சாப்பிட்டுக்கொள்ளலாம். பாரில் சரக்கு கலக்குகிற டைட்டஸ் 'வண்டி எங்க' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தான், அதில் நூற்றுப்பத்து பேர், ஏட்டு குப்புராஜ்கூட. அவன் ஒரு கெட்டிக்காரன், கெட்டவன் இல்லை, ஆனால் கெட்டிக்காரர்கள் செய்கிற வேலையைத்தான் அவனும் செய்தான், விதி போட்டான். அமலு அக்காவுக்கு அஞ்சு மணிக்கு மேல் யாரும் ஒரு கடலைப் பருப்புகூடக் கொடுக்கக் கூடாது. கஸ்டமர் நீட்டுகிற சிப்ஸை வாங்கவிடக் கூடாது. பிறந்தநாள் கேக் வந்தால் வேறு வாசல் வழியாக எடுத்துப் போக வேண்டும். அக்கா லீவு போடக் கூடாது. கால் வலிக்கிறது, ஒரு ஸ்டூல் போடுங்கடா என்று அவள் கேட்டபோது குரூப்பில் மூன்று நாள் விவாதம் நடந்து, உட்கார்ந்தால் பசி குறையும் என்று முடிவாகி, ஸ்டூல் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

"தப்பா நினைக்காதக்கா," என்றான் டைட்டஸ். "நீ நின்னாத்தான் எங்களுக்குச் சோறு."

அவளும் தப்பாக நினைக்கவில்லை, அதுதான் அவளிடம் உள்ள கோளாறு. நூற்றுப்பத்து பேர் தன்னால் சாப்பிடுகிறார்கள் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது, மெடல் வாங்கினபோதுகூட அவளை இத்தனை பேர் பார்த்ததில்லை. பசி ஒரு வேலை ஆகிவிட்டது, அவள் அதை நன்றாகச் செய்தாள். வருஷத்தில் சில நாள் மதுக்கடை மூட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போடும், அன்றைக்கு அவள் ராயபுரத்தில் அக்கா வீட்டில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தணிகாசலம் குடியிருக்கிற ஒண்டுக் குடித்தனத்து வாசலில் வண்டி அசையாமல் நிற்கும். "எல்லா மெடலும் அவளுக்குத்தான், அவ இல்லன்னா வண்டியும் லீவு," என்று தெரு சிரித்துக்கொண்டது. அன்றைக்கு ரோட்டில் பசித்தவன் ஒருத்தனும் இல்லையா என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

மூன்றாவது வருஷம் ஆடி முடிந்த ஒரு ராத்திரி, எல்லாரும் தின்று முடித்துக் கலைந்தபிறகு, தணிகாசலம் கல்லைச் சுரண்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அமலு, ஒரு நாள் சாயங்காலம் வூட்டுக்கு வாயேன்."

"எதுக்கு மாஸ்டர்?"

"சோறு போட்றதுக்கு. உக்காந்து துன்றதுக்கு. தட்டுல, ஃபேனுக்கு அடியில."

அவருக்கு நாற்பத்தொரு வயசு, கல்யாணம் ஆகவில்லை, பேச்சு வராது. அந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை நாளாக வைத்துக்கொண்டிருந்தார் என்பது அதைச் சொன்னபோது கரண்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்ததிலேயே தெரிந்தது. அமலோற்பவம் காலித் தட்டை வண்டியில் வைத்தாள். கடைசியாக எப்போது உட்கார்ந்து ராச்சாப்பாடு சாப்பிட்டோம் என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை. யாராவது தனக்கு, தெருவுக்காக இல்லாமல் தனக்காக, சோறு போட்டது எப்போது என்று யோசித்தாள், அதுவும் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அது வேண்டும் என்று தெரிந்தது. மெடலைவிட, ரயில்வே வேலையைவிட அதிகமாக, ஒரே ஒரு சாயங்காலம் வயிறு நிறைய.

"வரேன். மீன் நான் வாங்கியாரேன்," என்றாள். "காசிமேட்டுல எனக்குத் தெரிஞ்சவங்க கீறாங்க."

விஷயம் மறுநாள் மத்தியானத்துக்குள் குரூப்புக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது, அந்த ரோட்டில் இரண்டு பேர் பேசினால் அது மூன்று பேர் பேசினதுதான். அஞ்சு மணி சாப்பாட்டு நேரத்தில் டைட்டஸ் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான், பின்னால் மரியாதைக்கு ஏட்டு குப்புராஜ்.

"அக்கா, நீ கல்யாணம் பண்ணிக்கோ, யாரு வேணான்னா? நாங்களே முன்னாடி நின்னு நடத்துறோம். பேண்டு வைக்கிறோம். ஆனா சாயங்காலச் சாப்பாடு மட்டும் வேணாக்கா."

"அப்பறம் எதுக்குடா கல்யாணம்?"

"காலையில சாப்டு. மத்தியானம் சாப்டு. அவரு கையால எவ்ளோ வேணா சாப்டு. அஞ்சு மணிக்கு மேல வேணாம், அவ்ளோதான். ஒரு நூறு குடும்பம் இருக்குக்கா உன் வயித்த நம்பி."

"என் வயித்துல யாரும் குடியிருக்கலடா," என்றாள் அவள்.

குப்புராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மா, பொதுநலம்னு ஒண்ணு இருக்கு பாரு," என்று ஆரம்பித்தார், அவள் திரும்பிப் பார்த்ததும் "சும்மா சொன்னேன்," என்று முடித்துக்கொண்டார்.

அவள் போனாள். வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு கிலோ சங்கராவும் ஒரு கிலோ நெத்திலியும் வாங்கிக்கொண்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கறுப்புச் சட்டையைப் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, பங்குக்குப் பின்னால் அந்த ஒரு அறை வீட்டுக்கு. தணிகாசலம் தரையைக் கழுவி வைத்திருந்தார், புதுத் தட்டு வாங்கியிருந்தார், அவளைக் கட்டிலில் உட்காரவைத்து முன்னால் ஒரு முக்காலி போட்டு அதில் தட்டை வைத்தார். பிறகு அஞ்சரை மணியிலிருந்து ஆறரை மணி வரை அந்த வீட்டில் சாப்பாடுதான். புளி கரைத்து மாங்காய் போட்ட சங்கராக் குழம்பு, உடையாத உருப்படியான துண்டுகள், முறுமுறுவென்று நெத்திலி, ரசம், அப்பளம், மறுபடி குழம்பு. சோறு மேல் சோறாக வந்துகொண்டேயிருந்தது. அவர் நின்றுகொண்டே போட்டார். "நீயும் உக்காரு மாஸ்டர்" என்று அவள் ஒருதரம் சொன்னாள், "போட்றவன் அப்புறம் துன்னுவான், நீ துன்னு" என்றார் அவர், அவள் குனிந்து தட்டைப் பார்த்தாள், பிறகு நிமிரவேயில்லை. பானையில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டபோதும் அவள் நிமிரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தபோது அவளுக்கு ஒரு ஏப்பம் வந்தது, ரெண்டு வருஷத்து ஏப்பம், ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காகம் பறந்துபோனது. அவர் அதைக் கேட்டுவிட்டுச் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அவர் சிரித்து அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பார்த்திருக்கலாம், வண்டிக்கு முன்னால் நிற்கும்போது அவள் எதைத்தான் பார்த்தாள்?

அன்று ராத்திரி லாஸ்ட் ட்ராம் வாசலில் அவள் நின்ற அழகே வேறு. தோள் இறங்கி, முகம் பளபளவென்று, தகராறு செய்த ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு போகும்போது பாட்டு முணுமுணுத்தாள்.

பன்னிரண்டரை. வண்டி வரவில்லை.

பன்னிரண்டே முக்கால். குரூப்பில் 'வண்டி எங்க' என்று முப்பது பேர் கேட்டிருந்தார்கள். பசித்தவர்கள் தங்கள் பசியை நிரூபிக்க ஆரம்பித்தார்கள், நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று ஒருத்தன், நான் நேற்றிலிருந்து என்று இன்னொருத்தன், டிரம்ஸ்காரன் ரோட்டின் நடுவில் படுத்துக்கொண்டு வண்டி என் மேல் ஏறட்டும் என்றான், ஒரு வெயிட்டர் விரலைத் தொண்டைக்குள் விட்டு இருந்ததையும் கக்கிப் பார்த்தான், ஹைஹீல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ரெண்டு பெண்கள் சந்து சந்தாக ஓடினார்கள், பால்கனியிலிருந்து ஒருத்தர் டார்ச் அடித்தார். ஒரு மணிக்கு யாரோ பார்த்துவிட்டார்கள். பங்கை ஒட்டின சந்து முனையில், தணிகாசலத்தின் வீட்டிலிருந்து இருபது அடியில், வண்டி நின்றுகொண்டிருந்தது. சும்மா நிற்கவில்லை. ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, படுக்கிறதுக்கு முன்னால் நாய் சுற்றுமே அந்தமாதிரி, கல்லில் எண்ணெய் காய்ந்து புகைய, லாந்தர் ஆட, கைப்பிடியைப் பிடித்தபடி தணிகாசலமும் கூடவே சுற்றிக்கொண்டிருந்தார்.

"நவுர மாட்டேங்குது," என்றார். "ஒம்போது மணிலேர்ந்து இப்படித்தான்."

தெருவே அங்கே கூடிவிட்டது. பத்து பேர் தள்ளினார்கள், நகரவில்லை. இழுத்தார்கள், நகரவில்லை. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்கள், ஒருத்தன் அச்சாணியைத் தட்டினான், ஒருத்தன் சூடம் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றி ரோட்டில் போட்டான். ஏட்டு குப்புராஜ் விசில் அடித்தார். சரி, இந்த இடத்திலேயே போடுங்கள் மாஸ்டர், நாங்கள் நின்று சாப்பிடுகிறோம் என்று சொல்லித் தட்டை நீட்டினால் வண்டி ஒரு சுற்றுச் சுற்றித் தட்டைத் தட்டிவிட்டது. கடைசியில் எல்லாரும் அமலோற்பவத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பின்னால், கும்பலுக்கு மேலே தலை தெரிய, வந்து நின்றிருந்தாள்.

"வழி மறந்துபோச்சு," என்றான் டைட்டஸ். அவனுக்குப் பசி, பசியில் அவன் குரல் உடைந்துபோயிருந்தது. "வண்டிக்கு வழி மறந்துபோச்சுக்கா. நீ ஒருத்தி வயிறு முட்டத் துன்னுட்டு வந்துட்ட, தெருவே பட்டினி. சந்தோஷமா?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. நூற்றுப்பத்து பேர். ஒரு வேளை சோற்றுக்கு ஆசைப்பட்டு இத்தனை பேர் வயிற்றில் அடித்துவிட்டோமா? விரலைத் தொண்டைக்குள் விடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தாள், அந்தச் சங்கராவை, அந்த மாங்காயை. வழி கேட்டுக் கும்பலைப் பிளந்துகொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள், தினமும் நிற்கிற இடம், தினமும் பார்க்கிற கல், தினமும் பார்க்கிற தட்டு.

ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக வயிறு நிறைந்து அந்த வண்டிக்கு முன்னால் நிற்கிறாள். பார்வை தானாகத் தட்டைத் தாண்டி மேலே போனது. தணிகாசலத்தின் பெல்ட்டில் ஆணியால் குத்தின ஓட்டைகள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சட்டைக் காலருக்குள் ரெண்டு பக்கமும் எலும்பு. அவள் குனிந்து வண்டிக்கு அடியில் கையை விட்டு அந்த ஸ்டீல் டப்பாவை எடுத்தாள். திறந்தாள். நாலு இட்லி, மேலே மிளகாய்ப் பொடி. அவளுக்காக வைத்திருந்தார், அன்றைக்கும்.

ராத்திரி முழுக்க நூறு பேருக்குச் சமைக்கிறவன், விற்பனை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே, தனியாக, சின்ன டப்பாவில், பொடி தூவி எடுத்து வைத்தால் அதற்குப் பேர் மிச்சமா? அது அவருடைய ராச்சாப்பாடு.

"மாஸ்டர்," என்றாள். "சாப்டியா?"

தணிகாசலம் அந்தக் கேள்வி தனக்கு இல்லை என்பதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்த ரோட்டில் ஒரு ராத்திரிக்கு ஆயிரம் தடவை கேட்கிற கேள்வி அது, வெயிட்டர் கஸ்டமரைக் கேட்பான், கஸ்டமர் டிரைவரைக் கேட்பான், தணிகாசலமே வருகிறவன் போகிறவனையெல்லாம் கேட்டிருக்கிறார். அவரை யாரும் கேட்டதில்லை. கரண்டி பிடிக்கிறவனுக்குப் பசிக்காது, ஆவியிலேயே வயிறு நிறைந்துவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள், அவரே நம்பினார்.

"ஆச்சு ஆச்சு," என்றார்.

"எப்போ?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் யோசிக்கிற மாதிரி ரொம்ப நேரம் யோசித்தார்.

"இன்னிக்கு மத்தியானம்?"

"மீனு வரட்டும்னு இருந்தேன்."

"மீனு வந்துச்சே. பானையில எனக்குப் போட்டது போவ இருந்துச்சா?"

"நீ நல்லாத் துன்ன," என்றார் தணிகாசலம், அதில் குறை எதுவும் இல்லை, ஒரு மெடலைப் பற்றிச் சொல்கிற குரல்.

ஏட்டு குப்புராஜ்தான் முதலில் தொப்பியைக் கழற்றினார். வண்டி வழியை மறக்கவில்லை, அது சரியான இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது, அதிகமாகப் பசித்தவன் காலடியில், அவன் பின்னால் நின்றுகொண்டிருந்ததால் அதற்குச் சுற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மதுக்கடை மூடின நாட்களில் அந்த வாசலில் அது ஏன் அசையாமல் நின்றது என்று அப்போதுதான் ஒவ்வொருத்தராகக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அமலோற்பவம் அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். "ஸ்டூலு," என்றாள், யாரையும் பார்க்காமல்.

டைட்டஸ் ஓடினான். லாஸ்ட் ட்ராமுக்குள் போய் உயரமான பார் ஸ்டூல் ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான், ரெண்டு வருஷமாக அவளுக்கு மறுத்த அதே ஸ்டூல், வண்டிக்கு முன்னால் போட்டான். தணிகாசலத்தை அவள் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி அதில் உட்காரவைத்தாள், அந்த வேலை அவளுக்கு நன்றாகத் தெரியும். முதலில் டப்பா. பிறகு இட்லி. பிறகு அவளே கல்லில் மாவை ஊற்றினாள், அவளுக்குத் தோசை வராது, ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் கிழிந்து இலங்கை வரைபடம் மாதிரி ஒன்று வந்தது, அதைப் போட்டாள், அவர் சாப்பிட்டார். இன்னொன்று, அது இன்னும் மோசம், அதையும் சாப்பிட்டார். நூறு பேர் பசித்த வயிற்றோடு சுற்றி நின்றார்கள், ஒருத்தன் தட்டை நீட்டவில்லை, ஒருத்தன் போனைப் பார்க்கவில்லை, ஒல்லியான ஒரு மனுஷன் ரெண்டு வருஷத்துப் பசியை ஒவ்வொரு வாயாக, சிந்தாமல், மென்று, நடுவில் பெருமூச்சு விட்டு, மறுபடி தொடங்கி முடிக்கிறவரைக்கும் அந்த ரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அமலோற்பவத்தை மாதிரியே சாப்பிட்டார். தினமும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். இருபத்திரண்டாவது தோசையில் அவர் கையை மடக்கி வாயில் வைத்துக்கொண்டார், இருந்தும் ஏப்பம் வந்துவிட்டது.

"தோசை இன்னா இவ்ளோ கேவலமா கீது," என்றார்.

"துன்னது யாரு?" என்றாள் அவள்.

சக்கரம் கிறீச்சிட்டது. வண்டி சுற்றுவதை நிறுத்தி, ஒரு குலுங்கு குலுங்கி, தானாக நாலடி முன்னால் போய் டைட்டஸின் முழங்காலை இடித்து நின்றது. எல்லாருக்கும் முன்னால் கத்தினவன் அவன், எல்லாரையும்விடப் பசித்தவனும் அவன்தானாம். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, "பரவால்லக்கா, நான் வெயிட் பண்றேன்," என்றான்.

"வண்டியே சொல்லிடுச்சு, உக்காரு," என்றாள் அமலோற்பவம்.

கல்யாணத்துக்குப் பேண்டு வைத்தார்கள், சொன்ன சொல் காப்பாற்றினார்கள். இப்போது ரெண்டு பேரும் சாயங்காலம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள், அவள் வாசலுக்கு, அவர் வண்டிக்கு. வண்டி பழையபடி தினம் ஒரு ஆளிடம் போகிறது, தெரு பழையபடி சந்து சந்தாக அலைகிறது, யாரும் குறை சொல்வதில்லை. ஸ்டூல் லாஸ்ட் ட்ராம் வாசலிலேயே கிடக்கிறது.

எப்போதாவது ஒரு நாள், மாசத்துக்கு ஒரு தரமாவது, பன்னிரண்டரை தாண்டியும் வண்டி பங்குச் சந்தில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், தணிகாசலம் உம்மென்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அன்றைக்குத் தெருவில் யாரும் பதறுவதில்லை, சக்கரத்துக்கு எண்ணெய் விடுவதில்லை, சூடம் கொளுத்துவதில்லை. ஏட்டு முன்னால் நடப்பார், நூற்றுப்பத்து பேரும் லாஸ்ட் ட்ராம் வாசலுக்குப் போய் அமலோற்பவத்தைச் சுற்றி நின்றுகொள்வார்கள், டைட்டஸ் அங்கே கிடக்கிற ஸ்டூலைத் தலையில் தூக்கிக்கொள்வான்.

"இன்னாக்கா," என்பான் டைட்டஸ். "சாயங்காலம் வூட்ல என்னா சண்ட?"